நாற்காலி முடிச்சுக்கு ஒரு சான்று

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? போன கடிதத்தில் முழங்கால் வலி என்று எழுதியிருந்தாய். அதற்கு முந்தின கடிதத்திலும் அதேதான். தைலத்தைத் தேய்த்துக்கொண்டு உனக்கு நீயே வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பாய் என்று தெரியும். டாக்டரிடம் போனாயா, இல்லையா?

இப்போது என் தலைவலிக்கு வருகிறேன். எங்கள் அகராதியில் தீயணைப்புத் துறைச் சொற்கள் என் மேஜைக்கு வந்துவிட்டன. "உங்க அண்ணன் அந்த வேலைலதானே இருந்தார்?" என்று ஆசிரியர் கேட்டார். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், ஆமாம் என்றுவிட்டேன். ஏணி, குழாய், கொக்கி எல்லாம் முடித்தாயிற்று. ஒன்று மட்டும் நகர மாட்டேன் என்கிறது. ஒரு பழைய பயிற்சிக் கையேட்டில் இப்படி இருக்கிறது: "நாற்காலி முடிச்சு: ஆளை இறக்குவதற்கு உரியது." அவ்வளவுதான். படம் இருந்த பக்கத்தைப் பூச்சி தின்றுவிட்டது.

ஆசிரியரை நாங்கள் காற்புள்ளி என்போம், அவர் காதில் விழாமல். பேசும்போதும் நாலு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்துவார். "எந்த ஆளை, எங்கேருந்து, எதுக்கு, நாற்காலி எங்கே?" என்று என்னைக் குடைகிறார். எனக்கும் தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. கயிற்றில் நாற்காலியைக் கட்டுவீர்களா, நாற்காலியில் ஆளைக் கட்டுவீர்களா?

போனில் சொல்லிவிடலாமே என்று நினைக்காதே. எங்கள் அலுவலகத்தில் வாய்ச்சொல் செல்லாது. அந்தத் தொழில் செய்தவர் தன் கைப்பட எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்ட தாள்தான் சான்று. அதைக் கோப்பில் வைத்துத் தைத்துவிடுவோம். ஆகவே கொஞ்சம் பார்க்கிற மாதிரி எழுது. உன் கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும்.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

உன் தங்கை

*

பிப்ரவரி 19

வாலுக்கு,

நாங்கள் சௌக்கியம். முழங்கால் அதன் இடத்தில்தான் இருக்கிறது. உன் கேள்விக்கு வருவோம்.

நாற்காலி கிடையாது. அச்சில்தான் நாற்காலி முடிச்சு; ஸ்டேஷனில் எங்கள் வாயில் அது சேர் நாட். நீளமான ஒரே கயிறு. அதன் நடுப்பகுதியில் இரண்டு கண்ணிகள் போடுவோம், ஒன்று சின்னது, ஒன்று பெரியது. சின்னதை ஆளின் தலைவழியாக மாட்டிக் கக்கத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும். பெரியது முழங்காலுக்குப் பின்னால். தூக்கினால் ஆள் உட்கார்ந்த மாதிரி தொங்குவார். பெயர் வந்தது அதனால்தான்.

கயிற்றின் ஒரு முனை மேலே, ஜன்னலில் நின்று இறக்குகிறவன் கையில். மறுமுனை கீழே தெருவில் நிற்கிறவன் கையில். அவன் அதை வெளிப்பக்கமாக இழுத்துப் பிடித்தால்தான் ஆள் சுவரில் இடிக்காமல் வருவார். படிக்கட்டில் புகை ஏறிவிட்டது, ஏணி எட்டவில்லை என்றால் இதுதான் வழி.

எத்தனை பேரை இறக்கினேன் என்று கணக்கு வைத்ததில்லை. ஒருவரைச் சொல்கிறேன். கம்பெனி ஒன்றின் தலைமைக் கணக்கர். நல்ல கனம். அறைக்கு வெளியே புகை. "சேர் நாட் போடறேன் சார், கையைத் தூக்குங்க" என்றேன். மனுஷர் திரும்பி அறைக்குள் ஓடித் தன் சுழல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்! "இது போதுமா?" என்கிறார். அப்புறம் பாதி வழியில் அவர் கால்சட்டை அவிழ்ந்துவிட்டது. கீழே தெருவே கூடி நின்று பார்த்தது. அந்தக் கதையைச் சொல்லியே பத்து வருஷம் ஸ்டேஷனில் டீ குடித்தோம்.

கீழே போய்க் கொஞ்சம் நடந்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். எதிர்க் கடைக்காரர் உச்சந்தலையில் வழுக்கை அகலமாகிவிட்டது. எட்டாம் நம்பர் பஸ் கூரை மேல் ஒற்றைச் செருப்பு ஒன்று மூன்று நாளாக ஊர் சுற்றுகிறது.

இப்படிக்கு, தேதியும் கையெழுத்தும் போட்ட
அண்ணன்

*

மார்ச் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் சான்று கிடைத்தது. கணக்கர் பகுதியை அலுவலகத்தில் உரக்கப் படித்தேன். காற்புள்ளி சிரித்துப் பார்த்தது இதுதான் முதல் தடவை. அதையும் நிறுத்தி நிறுத்திச் சிரித்தார்.

ஆனால் எங்கள் வழக்கம் உனக்குத் தெரியாது. செய்முறையைச் சொல்லும் பதிவு என்றால் எழுதினபடி செய்து பார்க்காமல் அச்சுக்கு அனுப்ப மாட்டோம். தையல் வகைகளுக்கு நானே மூன்று கைக்குட்டை தைத்தேன். எனவே துணி உலர்த்தும் கயிற்றை வாங்கி வந்து, இரண்டு கண்ணி போட்டு, மெய்ப்புத் திருத்தும் அம்மாளுக்கு மாட்டினோம். "நான்தான் இங்க இளைச்சவ" என்று அவர்களே முன்வந்தார்கள். கதவின் மேல் கட்டையில் கயிற்றைப் போட்டு, ஒரு சாண் உயரம்தான் தூக்கினோம். கண்ணி மார்பைப் பிடித்து இறுக்கியது பார், அம்மாள் போட்ட சத்தத்தில் பக்கத்து அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. எங்கே தவறு?

இன்னொன்றும் கேட்க வேண்டும். உன் கடைசி நாலு கடிதங்களையும் எடுத்து வைத்துப் படித்தேன், தொழில் புத்தி. அவற்றில் வருகிற யாருக்கும் முகம் இல்லை. வழுக்கை இருக்கிறது, நேர் வகிடு இருக்கிறது, குடை இருக்கிறது, லாரியின் தார்ப்பாய் இருக்கிறது. நடக்கப் போகிறவன் பஸ்ஸின் கூரையை எப்படிப் பார்த்தான்? நீ எங்கே நின்று பார்க்கிறாய் அண்ணா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை

*

மார்ச் 20

வாலு,

மூளை இருக்கிறதா உனக்கு? ஆளைக் கொன்றிருப்பாயே!

அரைமுடிச்சு எங்கே? இரண்டு கண்ணியையும் அளவுக்கு இழுத்து வைத்த பிறகு, ஒவ்வொன்றின் கழுத்திலும் கயிற்றின் அந்தந்தப் பக்கத்து முனையால் ஒரு அரைமுடிச்சு போட்டுப் பூட்ட வேண்டும். பூட்டாத கண்ணி சுருக்குக் கயிறுதான். நான் எழுதவில்லை என்பது உண்மை. முப்பது வருஷம் கை தானாகப் போட்டதை மூளை எழுத மறந்துவிட்டது. அந்த அம்மாளிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். தனித்தாளில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன், அதையே கோப்பில் தை. முதல் சான்றைக் கிழித்துப் போடு.

முதலில் ஆள் இல்லாமல், அரிசி மூட்டையைக் கட்டிப் பழகு. நாங்களும் பயிற்சியில் மணல் அடைத்த பொம்மையைத்தான் இறக்குவோம். அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். எதற்கும் எதிர்த்துப் பேசாது, சும்மா உட்கார்ந்திருக்கும்.

மற்றக் கேள்விகள் அகராதிக்குத் தேவையில்லாதவை.

அண்ணன்

*

மார்ச் 21

அன்புள்ள நாத்தனாருக்கு அண்ணி எழுதுவது.

நீயும் உன் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும். உன் அண்ணன் கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லி என்னிடம் தந்தார். அதை முதலில் போட்டேன். இதை அவருக்குத் தெரியாமல் தபால் நிலையத்தில் நின்றபடியே எழுதுகிறேன்.

நீ சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறாய். அவர் எங்கள் மூன்றாம் மாடியை விட்டுக் கீழே இறங்கிப் பதினான்கு மாதம் ஆகிறது. போன வருஷம் ஜனவரியில் இரண்டாம் மாடித் திருப்பத்தில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். அக்கம்பக்கத்தார் நாலு பேர் போர்வையில் போட்டு மேலே தூக்கி வந்தார்கள். தரைத்தளத்துத் தையல்காரர், நல்ல மனுஷர்தான், மூச்சு வாங்கிக்கொண்டே, "ஊரையே தூக்கின ஆளை நாங்க தூக்கறோம் பாருங்க" என்று சொல்லிச் சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். அன்றிலிருந்து ஜன்னல் ஓரத்து இரும்புக் கட்டில்தான் அவருக்கு உலகம். முழங்கால் இரண்டும் மடங்கினபடியே நின்றுவிட்டன.

டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். ஆபரேஷன் செய்தால் நடக்கலாம், ஆனால் ஜூன் மாதத்துக்குள் செய்ய வேண்டும், அதற்கு மேல் விட்டால் சதை இறுகிவிடும், பிறகு யார் செய்தும் நிமிராது என்று சொல்லிவிட்டார். எங்கள் படிக்கட்டு உனக்குத் தெரியும். ஸ்ட்ரெச்சர் திரும்பாது. ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு பேர் வந்து, முதுகில் சுமந்து இறக்குகிறோம் என்றார்கள். இவர் ஊன்றுகோலை எடுத்துக் காட்டித் துரத்திவிட்டார்.

நான் சொன்னால் கேட்க மாட்டார். உன் கேள்வி வந்த நாளிலிருந்து கட்டில் காலில் கயிற்றைக் கட்டிக் கட்டி அவிழ்க்கிறார், முகத்தில் கொஞ்சம் களை வந்திருக்கிறது. அந்தக் கேள்வியை மட்டும் நிறுத்திவிடாதே. நான் எழுதினதாகக் காட்டிக்கொள்ளாதே.

அண்ணி

*

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம்தானே? இங்கே எல்லோரும் நலம். அரைமுடிச்சு போட்டுப் பூட்டி அரிசி மூட்டையைத் தூக்கினோம், மூட்டை பேசாமல் உட்கார்ந்திருந்தது. மெய்ப்பு அம்மாள் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, "இதை மொதல்லயே எழுதறதுக்கு என்ன?" என்றார்கள். பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்று சந்தோஷம்.

காற்புள்ளிக்கு இப்போது வேறு சந்தேகம். "இதெல்லாம் இறக்குறவர், சொன்னது. இறங்குனவர், என்ன சொல்றார்?" என்கிறார். கண்ணி எங்கே அழுத்தும், கையை எங்கே வைப்பது, தலை சுற்றுமா? இதுவரை உன் சான்று ஒரு பக்கச் சான்றுதான். உன்னை யாராவது எப்போதாவது இறக்கியிருக்கிறார்களா? இல்லையென்றால் ஒரு தடவை இறங்கிப் பார்த்து எழுத முடியுமா? அவசரம் ஒன்றும் இல்லை. ஜூனுக்குள் வந்தால் போதும்.

தங்கை

*

மே 5

தங்கைக்கு,

ஒரு மாதமாகப் பதில் போடவில்லை. கோபத்தில் இருந்தேன்.

ஜூன் என்று எழுதினாயே, அகராதிக்கு எதற்கு ஜூன்? டாக்டர் சொன்ன மாதம் உனக்கு எப்படித் தெரிந்தது? அண்ணி எழுதினாளா என்று கேட்டேன். அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்த அடுப்பையே மறுபடியும் துடைத்தாள். எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

சரி, கேட்டதற்குச் சொல்கிறேன். என்னை யாரும் இறக்கினதில்லை. வேலையில் சேர்ந்த அன்றைக்கே நான்தான் எல்லோரிலும் கனம். கனமானவனை மேலே நிற்க வைத்துக் கயிற்றைக் கொடுப்பார்கள். முப்பது வருஷமும் கயிற்றின் மேல்முனைதான் என் இடம். நான் ஆளை இறக்கினவன். என்னை ஒரு மூட்டையைப் போல நாலு பேர் தூக்கிக்கொண்டு போவதை இந்தத் தெரு பார்க்க வேண்டாம். காலே போனாலும் போகட்டும். இதற்கு மேல் இதைப் பற்றி எழுதாதே.

உன் அகராதியில் ஒரு பக்கம் காலியாக இருந்தால் குடி முழுகிவிடாது.

அண்ணன்

*

மே 12

அண்ணா,

நலம் விசாரிக்கப் போவதில்லை. நீ நலமாக இல்லை, அது எனக்குத் தெரியும்.

அகராதி கிடக்கட்டும். உன் கடிதத்தைப் படித்து அழுதேன், பிறகு எரிச்சல் வந்தது, பிறகு உன் முதல் சான்றை எடுத்தேன். கிழிக்கச் சொன்னாய், எங்கள் அலுவலகத்தில் எதையும் கிழிப்பதில்லை. கணக்கர் கதையை மறுபடி படித்தேன். அவரை நீ பத்திரமாக இறக்கினாய். அவர் வீட்டுக்குப் போயிருப்பார். அன்று ராத்திரி பெண்டாட்டி பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார். ஆனால் பத்து வருஷம் நீங்கள் டீயோடு சேர்த்துக் குடித்தது அவர் கால்சட்டையைத்தான். நானும் அதைப் படித்து அலுவலகத்தையே சிரிக்க வைத்தேன். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நீ பயப்படுவது இதற்குத்தான் என்று நினைக்கிறேன். ஆபரேஷனுக்கும் இல்லை, வலிக்கும் இல்லை. நாளைக்கு இன்னொருத்தர் டீக்கடையில் உன் கதையைச் சொல்லிச் சிரிப்பார்களே, அதற்கு. சிரிக்கட்டுமே அண்ணா! அந்தக் கணக்கரை நீ கேவலமாகவா நினைத்தாய்? அவர் ஞாபகம் வரும்போதெல்லாம் உனக்கு முகம் மலர்கிறது. உன்னை நினைத்தும் யாருக்காவது அப்படி மலர்ந்துவிட்டுப் போகட்டும்.

இருபத்தெட்டாம் தேதி காலை வண்டியில் வருகிறேன். நீ இறங்குவதைத் தெருவில் முதல் வரிசையில் நின்று பார்த்து, எல்லோரையும்விட உரக்க நான்தான் சிரிக்கப் போகிறேன். தடுக்க முடிந்தால் தடுத்துக்கொள்.

தங்கை

*

மே 27

அன்புள்ள நாத்தனாருக்கு,

வண்டி ஏறுவதற்குள் இது உன் கைக்கு வராது என்று தெரியும். இருந்தாலும் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். உன் அண்ணன் நேற்றே இறங்கிவிட்டார்!

உன் கடிதம் வந்து ஒரு வாரம் அதையே மடித்தும் பிரித்தும் படித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை திடீரென்று, "அவ வந்து பல்லைக் காட்டறதுக்குள்ள நான் கீழே போயிடணும். ஒட்டடைக்குச்சிக்குப் போன் போடு" என்றார். ஒட்டடைக்குச்சி இவரோடு வேலை பார்த்தவர், இப்போது ஸ்டேஷன் அதிகாரி, இன்னும் அதே ஒல்லி. நாலு பேரோடு வந்தார். வந்ததுமே சண்டை. இப்போதெல்லாம் இதற்கென்று பெல்ட் இருக்கிறதாம், அதில்தான் இறக்குவேன் என்றார் அவர். சேர் நாட்டில்தான் இறங்குவேன் என்றார் இவர். "விதி இருக்குண்ணே." "என் உடம்புடா." அரை மணி நேரம் ஆனது. கடைசியில் அவர் பெல்ட்டை மாட்டினார், இவர் தன் கையாலேயே முடிச்சையும் போட்டுக்கொண்டார். மூன்று தடவை அவிழ்த்துத் திரும்பப் போட்டார். ஜன்னல் கம்பியை முந்தின நாளே கழற்றி வைத்தாயிற்று.

"அண்ணே, இன்னிக்கு ஆர்டர் நான்தான் குடுப்பேன், நீங்க சும்மா வாங்க" என்றார் ஒட்டடை. இவர் தலையை ஆட்டினார். வெளியே கால் போன உடனே, "ம், மெதுவா, இறக்கு!" என்று இவர்தான் கத்தினார்.

மறுமுனையைக் கீழே பிடித்துக்கொண்டு நின்ற தீயணைப்பு வீரருக்குத் துணையாகத் தையல்காரரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். இரண்டாம் மாடி டீச்சர் ஜன்னலில் தலை வாரிக்கொண்டிருந்தார்கள். இவரைப் பார்த்ததும் சீப்பும் கையுமாக, "எங்க, கிளம்பிட்டீங்களா?" என்று கேட்டார்கள். "ஆஸ்பத்திரி வரைக்கும். ஏதாவது வாங்கி வரணுமா?" என்றார் உன் அண்ணன். தெருவே சிரித்தது. அவரும் சிரித்தார், கயிறே குலுங்கியது.

அந்தச் சிரிப்பைப் படிக்கட்டில் இறங்கிக்கொண்டே கேட்டேன். அவர் தரையைத் தொடும்போது நான் அங்கே இருக்க வேண்டுமே. ஆம்புலன்ஸில் நானும் ஏறிக்கொண்டேன். நாளை மறுநாள் ஆபரேஷன். நீ வந்தால் நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்படி தையல்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

அண்ணி

*

ஜூன் 21

அன்புள்ள தங்கைக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்தது குறித்துச் சந்தோஷம். ஒரு முழங்கால் நிமிர்ந்துவிட்டது. இன்னொன்றுக்கு அடுத்த வாரம் ஆபரேஷன். இங்கே ஆஸ்பத்திரியில் நடைபழக்குகிற அம்மாள் என்னை இருபது அடி நடக்க வைத்துவிட்டு, நாற்பது என்று எழுதிக்கொள்கிறார்கள். உன்னைப் போல் சான்று கேட்கிறவர்கள் இல்லை.

காற்புள்ளி கேட்ட மறுபக்கச் சான்று இதோ. கண்ணி முழங்காலில் அழுத்தவில்லை, கக்கத்தில் அழுத்தியது. தலை சுற்றவில்லை. கையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், கயிற்றைப் பிடிக்கக்கூடாது. நானே எத்தனையோ பேரை அதட்டியிருக்கிறேன். நானும் பிடித்தேன். இறங்குகிறவரிடம் அதட்டிச் சொல்லக்கூடாது, மெதுவாகச் சொல்ல வேண்டும் என்று பதிவில் சேர்த்துவிடு. கணக்கர் கதை கோப்பில் இருக்கிறதென்றால் அவர் கடைசி வரைக்கும் ஒரு தடவைகூடக் கத்தவில்லை என்பதையும் எழுதி வை. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இது கோப்பில் தைப்பதற்கு இல்லை, உனக்கு மட்டும்.

தரையில் உட்கார வைத்து முடிச்சை அவிழ்த்தார்கள். நான் மேலே பார்த்தேன். யாரை இறக்கினாலும் உள்ளே இன்னும் ஆள் இருக்கிறதா என்று ஜன்னலைத் திரும்பிப் பார்க்கிற பழக்கம், விடவில்லை. எங்கள் ஜன்னல் திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. பக்கத்தில் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டுத் திரும்பினால் அண்ணி, காலில் செருப்புகூட இல்லாமல், தெரு முனை வரைக்கும் கண்ணை ஓட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"அந்த முனைல ஒரு பார்க் வந்திருக்காமே, உண்மையாங்க?" என்று என்னைக் கேட்டாள். கடைக்கும் தபால் நிலையத்துக்கும் ஓடிப் போய் ஓடி வந்துகொண்டிருந்தவள். நான் தனியாக இருப்பேன் என்று பதினாறு மாதமாக அந்தத் தெரு முனையை அவள் எட்டிப் பார்த்ததில்லை. எனக்குத் தோன்றவே இல்லை. முப்பது வருஷம் அந்த வேலை பார்த்தவன், என் வீட்டில் மாட்டிக்கொண்டவர்கள் இரண்டு பேர் என்று எண்ணத் தெரியாமல் இருந்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

இன்று சாயங்காலம் அவளை அந்தப் பார்க்குக்குப் போய்வரச் சொன்னேன். இருட்டுவதற்குள் வந்துவிடுகிறேன் என்றாள். அவசரம் இல்லை, மெதுவாக வா என்றேன். இன்னும் வரவில்லை.

அண்ணன்